கடன் இருக்கட்டும், ஓலைக்கு வழி சொல்லுங்கள்

தமிழ்நாடு அரசின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் கூடை முடைதலும் இருக்கிறது. தையல், மரவேலை, மண்பாண்டம் ஆகியவற்றோடு எங்கள் வேலையையும் ஒரு தொழிலாக ஏட்டில் ஏற்றியதற்கு முதலில் நன்றி. தென்மாவட்டங்களின் பனங்காட்டு ஊர்களில் ஓலைப்பெட்டி முடைகிற பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கணக்கெடுக்க வருகிறவர் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், மடியில் பாதி முடைந்த பெட்டியை வைத்துக்கொண்டே "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள்.

நன்றியைச் சொல்லிவிட்டேன். இனிக் குறையைச் சொல்கிறேன்.

திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வட்டியிலும் 5 சதவிகிதம் அரசு ஏற்கிறது. ஒரு தச்சருக்கு இது பெரிய உதவி. இழைப்பு இயந்திரம் வாங்குவார், பட்டறையை விரிவாக்குவார். பெட்டி முடைகிறவள் எதை வாங்குவாள்? ஓலை வார ஒரு கத்தி, விளிம்பு பொத்த ஒரு குத்தூசி, ஓலை நனைக்க ஒரு வாளி, சாயம் காய்ச்ச ஒரு பழைய பானை. எங்கள் தொழிலின் மொத்தக் கருவியும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விரலில் இருக்கிறது. வாங்க ஆள் இல்லாத சரக்குக்குக் கடன் வாங்கினால், பெட்டி திண்ணையில் கிடக்கும், தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

எங்களுக்குக் குறைவாக இருப்பவை இரண்டு. காலத்தில் கிடைக்கும் ஓலை ஒன்று. கட்டுப்படியாகும் கூலியோடு வரும் நிலையான ஆர்டர் மற்றொன்று. இந்த இரண்டையும் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். ஓலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். நாட்டில் இருக்கிற பனைகளில் பாதியளவு நம்மிடம்தான் நிற்கிறது என்பார்கள். இவ்வளவு பனை நிற்கிற நாட்டில் ஓலைக்கா பஞ்சம் என்று உங்களுக்குத் தோன்றலாம். சாரோலைக்குப் பஞ்சமில்லை, வேலி அடைக்க, கூரை வேய எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். நல்ல பெட்டிக்கு வேண்டியது குருத்து. விரிந்து பச்சை பிடிப்பதற்கு முன்னால், மரத்தின் நடுவில் விசிறி மடக்கியதுபோல் நிற்கும் வெளிர் ஓலை. அதுதான் வளைத்தால் முறியாது, சாயம் பிடிக்கும், விரலைக் கிழிக்காது. ஒரு பனையில் மாதத்துக்கு ஒரு ஓலை என்ற கணக்கில்தான் குருத்து தள்ளும். அதையும் ஆசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் மரம் சோர்ந்துபோகும். பதநீர் இறக்குகிறவர் அடுத்த தடவை நம்மை மரத்தடியில் நிற்கவே விடமாட்டார்.

அந்தக் குருத்தை இறக்க ஆள் ஏற வேண்டும். பனையேறி மாசி, பங்குனியில் மரத்தில் கை வைத்தால் ஆடி வரைக்கும் ஏறுவார். அந்த மாதங்களில்தான் எங்களுக்கும் ஓலை. பனையேறிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று பதநீருக்காகவும் கருப்பட்டிக்காகவும் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஒரு பனையேறி தொழிலை விட்டால் அவரை நம்பி இருந்த நாலைந்து வீட்டுப் பெண்களுக்கு ஓலை நின்றுபோகிறது என்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

இறக்கிய குருத்தை வெயிலில் விரித்துக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வாரி, வேண்டியதற்குச் சாயம் காய்ச்சி, மறுபடி நிழலில் உலர்த்திக் கட்டி வைக்க வேண்டும். முடையும்போது தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொள்வோம். நன்றாகக் காய்ந்த ஓலை பல மாதம் இருக்கும், ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தால். சிக்கலே அங்கேதான். பெட்டிக்குக் கேட்பு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடைமழை. வீடோ சின்னது, பாதிப்பேர் வீட்டில் கூரை ஒழுகும். அடுக்கி வைத்த ஓலையில் கறுப்புப் பூஞ்சை ஏறிவிடும். பூஞ்சை ஏறிய ஓலையை என்ன செய்தாலும் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியாது; அடுப்புக்குத்தான் போகும். கோடையில் ஓலை மலிந்து கிடக்கும்போது மொத்தமாக வாங்கிப்போடக் கையில் காசு இருக்காது. காசு வரும் காலத்தில் ஓலை இருக்காது. அந்த இடைவெளியில்தான் வியாபாரி வருகிறார். அவரிடம் பக்கா கட்டடத்தில் காய்ந்த ஓலை இருக்கிறது. ஓலையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொள்கிறார், விலை அவர் சொன்னதுதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்வது கிடங்கு வேலை. அதை ஒரு குழுவோ அரசோ செய்திருந்தால் அவருக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

ஆகவே முதல் கோரிக்கை கட்டடம். ஒன்றியத்துக்கு ஒன்றாவது, தரை உயர்த்திய, காற்று போகும் ஓலைக் கிடங்கு வேண்டும். கோடையில் குழு கொள்முதல் செய்து அங்கே வைக்கச் சுழல்நிதி வேண்டும். ஒரு தனி ஆளுக்குக் கொடுக்க நீங்கள் ஒதுக்கிய மூன்று லட்சத்தை இருபது, முப்பது பெண்கள் சேர்ந்த குழுவுக்கு ஓலைக் கொள்முதல் நிதியாகக் கொடுத்துப் பாருங்கள். திட்ட விதியில் இதற்கு இடமில்லை என்றால் விதியைத் திருத்தலாம். அரசாணை போட்டவர்கள் நீங்கள்தானே.

ஓலைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்கு மரமேறவே வேண்டாம். வடலி. தண்டு உயராத இளம்பனை. அதன் குருத்தைத் தரையில் நின்றே நாங்கள் அறுத்துக்கொள்ளலாம், பனையேறியின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் சொன்னார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் வடலியை யாரும் மரமாக நினைப்பதில்லை. பிளாட் போடுகிறவர் ஜேசிபியை விட்டால் அரை நாளில் ஒரு வடலிக்காடு புரண்டு கிடக்கும். ஓங்கி நிற்கும் நாலு பனைக்கு அனுமதி கேட்பார்கள், காலடியில் போன நானூறை யாரும் எண்ணமாட்டார்கள். கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் ஊன்றிய விதைகளில் பிழைத்தவை இனி வடலியாகித்தான் நிற்கப் போகின்றன. அவற்றின் ஓலையை யார் எடுப்பது?

புறம்போக்கு நிலத்து மரங்களின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒரு ஏற்பாடு வருவாய்த் துறையில் உண்டு. நிலம் அரசுடையது, மரத்தின் மகசூல் பட்டாதாரருடையது. அந்த 2சி பட்டாவை முடையும் பெண்களின் குழுப் பெயரில் கொடுக்க வருவாய்த் துறையிடம் நீங்கள் பேசுங்கள். பலன் எங்களுடையது என்றால் அந்த வடலிக்கு முள் அடைப்பதும், ஆடு கடிக்காமல் பார்ப்பதும் எங்கள் பாடு. விதை போட்டுவிட்டுப் போன அரசுக்கு இதைவிட மலிவான காவல் கிடைக்காது.

இனிக் கூலி.

பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்து கூடுதல் வருமானம் பெறலாம் என்று எங்கள் தொழிலைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். எந்த ஓய்வு நேரம் என்று தெரியவில்லை. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் சோறு வடிக்க ஒரு தடவை, ஆட்டுக்குக் குழை போட ஒரு தடவை எழுந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் முடைந்தால்தான் எண்ணிக்கை தேறும். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்ட பெண்களைக் கேளுங்கள், அது ஓய்வா வேலையா என்று. இந்த ஓய்வு நேரக் கதையால் எங்களுக்கு நேரும் நட்டம் பெரியது. எப்படியும் சும்மா இருக்கிற நேரம்தானே என்று நினைக்கிறவர் அந்த நேரத்துக்கு விலை போடமாட்டார். ஓலைக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, மேலே ஏதோ கொஞ்சம். அப்படித்தான் பெட்டி விலை நிற்கிறது.

நான் வேறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டின் தினக்கூலி 336 ரூபாய். மண் வெட்டுகிற கைக்கு அரசே வைத்த விலை அது. முடைகிற கைக்கு அதைவிடக் குறையக் கூடாது என்று கேட்பது பேராசையில்லை. மூடியோடு கூடிய சின்னப் பெட்டி ஒன்றுக்கு, வாரிய ஓலை தயாராக இருந்தால், ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஐந்து பெட்டி. 336ஐ ஐந்தால் வகுத்தால் பெட்டிக்கு 67 ரூபாய். இது கைக்கூலி மட்டும். ஓலை, சாயம், விறகு, வண்டி வாடகை இதில் இல்லை. காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வாரிய நேரமும் இல்லை. இன்றைக்குக் கிராமத்தில் அந்த அளவுப் பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று மாவட்டத் தொழில் மைய அலுவலரை அனுப்பி விசாரியுங்கள். இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அளவுவாரியாகப் பெட்டி, கொட்டான், சுளகு, கடகம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று உட்கார்ந்து பார்த்து, அதற்குத் துண்டுக்கூலி அட்டவணை ஒன்றை உங்கள் துறை வெளியிட வேண்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தபோதே துண்டுக் கூலிக்கும் குறைந்தபட்சம் வைக்க இடம் கொடுத்திருந்தது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அட்டவணை இருந்தால் வியாபாரியிடம் பேரம் பேசுகிற பெண்ணின் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

ஆர்டர் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அரசிடமிருந்தே வரலாம்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. தடையால் காலியான இடத்தில் ஓலை வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ காகிதம் மாதிரி இருக்கும் வேறு ஏதேதோ. ஓலைப்பெட்டி சந்தைக்குப் புதியதும் இல்லை. கருப்பட்டி என்றைக்கும் ஓலைப்பெட்டியில்தான் போய்க்கொண்டிருந்தது, தெற்கே மிட்டாய்க் கடைகளில் மிட்டாயும் அப்படித்தான். இதே 2021 பட்ஜெட்டில் கருப்பட்டியை ரேஷன் கடைகளில் விற்பதாகவும் அறிவித்தார்கள். அந்தக் கருப்பட்டி அதே மரத்தின் ஓலையில் மடங்கி வருவதற்கு என்ன தடை?

அறநிலையத் துறையின் பெரிய கோயில்களில் பிரசாதக் கடைகள் இருக்கின்றன. தீபாவளிக்கு ஆவின் இனிப்புப் பெட்டி போடுகிறது. அரசு விழாக்களில் விருந்தினருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுக்கிறார்கள்; அந்த நினைவுப் பரிசு பெரும்பாலும் எந்த வீட்டு அலமாரியில் தூசி பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இவற்றில் பத்தில் ஒரு பங்கு ஓலைக்கு என்று சொல்லிவிட்டாலே தென்மாவட்டக் குழுக்களுக்கு வருஷம் முழுக்கக் கை ஓயாது. மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையில், சிறு தொழில்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கிய 358 பொருள்களில் பிரம்புக் கூடையும் இருக்கிறது. பிரம்புக்கு ஒதுக்க முடிந்தால் பனைக்கும் முடியும்.

இதைச் சொன்னால் அலுவலகங்களில் வழக்கமாக வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். அளவு ஒன்றுபோல் இருக்காது என்பார்கள். மரத்தில் அளவுக்கட்டை செய்து கொடுத்தால் அதன்மேல் வைத்து முடைவோம், நூறு பெட்டியும் ஒரே அளவில் நிற்கும். எண்ணெய் இறங்கும் என்பார்கள். வாழை இலையோ வெண்ணெய்த்தாளோ விரித்தால் இறங்காது. கேட்ட நேரத்தில் கேட்ட எண்ணிக்கை வராது என்பார்கள். இது மட்டும் உண்மை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால், வெளியே மழை கொட்டும்போது, பத்தாயிரம் பெட்டி கேட்டால் வராது. பங்குனியில் சொல்லுங்கள், ஓலை வெயிலில் காயும் காலத்தில். ஐப்பசி பிறப்பதற்குள் அடுக்கி வைத்திருப்போம். பட்டாசு முதல் புதுத்துணி வரைக்கும் எல்லாத் தொழிலும் தீபாவளிக்கு ஆறு மாதம் முன்னால்தான் தொடங்குகிறது.

சிவகங்கைப் பக்கம் செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற சின்ன ஓலைக்கூடை இதற்கு நல்ல சாட்சி. ஒரு காலத்தில் ஆச்சிமார் வீட்டு விசேஷங்களுக்காக முடைந்தது, வயதானவர்கள் சிலரோடு முடிந்துபோகும் நிலைக்கு வந்தது. ஒரு தனியார் அறக்கட்டளை அதை எடுத்துக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, கூடவே விற்கவும் வழி செய்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குறியீட்டால் விற்பனை வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணத் தாம்பூலத்துக்கு நகரத்திலிருந்து ஆர்டர் வந்தது, அதனால் கை நின்றுபோகாமல் இருந்தது, குறியீடு பிறகு வந்து சேர்ந்தது.

பயிற்சியைப் பற்றி ஒரே வார்த்தை. எட்டு வயதில் பாட்டியின் மடியில் உட்கார்ந்து முடையக் கற்றவர்களுக்கு முடையப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். பயிற்சி கொடுப்பதென்றால் கணக்கு எழுத, விலை போட, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்ய, போனில் படம் எடுத்து அனுப்பக் கற்றுக்கொடுங்கள்.

திட்டத்தில் இன்னொன்று. குறைந்தபட்ச வயது 35. இதன் காரணத்தை நான் மதிக்கிறேன். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குள் தள்ளும் என்று சொல்லித்தான் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. படிக்கிற பெண்ணைப் பிடித்து இழுத்துப் பெட்டி முடைய வையுங்கள் என்று இங்கே எந்தத் தாயும் கேட்கமாட்டாள். ஆனால் எங்கள் தெருவில் 24 வயதில் இரண்டு பிள்ளைகளோடு, புருஷன் வெளியூரில் கிடக்க, முடைந்துதான் பால் காசு கொடுக்கிறாள் ஒருத்தி. அவள் 35 ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா? படிப்பை முடித்தவர்கள் அல்லது விட்டு ஐந்து வருடம் ஆனவர்கள் என்று ஒரு விதிவிலக்கு எழுதினால் இரண்டு கவலையும் தீரும்.

பணம் வரும் விஷயம். கண்காட்சியிலோ கடையிலோ வைத்து, விற்ற பிறகு தருகிறோம் என்பார்கள். விற்கும். பணம் வர மாதக்கணக்காகும். அதற்குள் அடுத்த ஓலைப் பருவம் போய்விடும். 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி என்று 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் துறை உங்களுடையது. உத்யம் பதிவு இல்லாத குழுப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எட்டாத உயரத்தில் நிற்கிறது. அரசுக் கொள்முதலிலாவது ஆர்டரோடு பாதி, சரக்கு இறங்கியதும் மீதி என்று வையுங்கள்.

சுய உதவிக் குழுப் பெண்கள் தங்கள் சரக்கை 25 கிலோ வரை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்ற அறிவிப்பைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊறுகாய் விற்கிறவருக்கு 25 கிலோ சரி. 25 கிலோ ஓலைப்பெட்டி என்றால் பேருந்தில் நடத்துநருக்கு நிற்க இடமிருக்காது. எங்கள் சரக்குக்கு எடை கிடையாது, இடம்தான். மாதம் ஒருமுறை ஒரு சிற்றுந்து ஊர் ஊராகச் சென்று எடுத்துக்கொண்டு போனால் போதும்.

கேட்டவை நிறையப்போல் தெரியலாம். ஒரு ஒன்றியத்தில் ஒரு வருடம் முயன்று பார்க்க ஒரு கிடங்கு, ஒரு சுழல்நிதி, ஒரு கூலி அட்டவணை, ஏதாவது ஒரு அரசு நிறுவனத்தின் ஆர்டர் ஒன்று போதும். எந்த ஒன்றியம் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். தூத்துக்குடியாகவோ ராமநாதபுரமாகவோ இருந்தால் ஓலைக்கு அலைய வேண்டியதில்லை.

நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று நினைத்தால் இரண்டு முறை வர வேண்டியிருக்கும். சித்திரையில் வந்தால் முற்றம் முழுக்கக் குருத்து காய்வதைக் காட்டுகிறோம். கார்த்திகையில் வந்தால் அதில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே ஊர் முழுக்கச் சொல்லிவிடாதீர்கள்; எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வரவேற்புக்கு நிற்பார்கள், அன்றைக்கு ஐந்து பெட்டி குறையும்.

இப்படிக்கு,
ஓலை முடையும் பெண்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள்